குரோஷா: பீரோவிலிருந்து புழக்கத்துக்கு

பல வீடுகளில் கொக்கி ஊசியால் பின்னிய குரோஷா இருக்கிறது, கண்ணில்தான் படுவதில்லை. அம்மாவோ சித்தியோ கல்யாணத்துக்கு முன்பு பின்னிய டீப்பாய் விரிப்பு, பள்ளித் தையல் வகுப்பில் ஓரம் கட்டிய தலையணை உறை, குழந்தை பிறந்தபோது யாரோ கொடுத்த உல்லன் தொப்பி எல்லாம் பீரோவின் மேல்தட்டில் அந்துருண்டை வாசத்தோடு மடிந்து கிடக்கும். எடுத்துப் பார்ப்போம், "எவ்வளவு பொறுமை!" என்போம், மறுபடி உள்ளே வைத்துவிடுவோம். அவற்றை வெளியே எடுத்துப் புழங்குவதற்கான வழிகளை இந்த அத்தியாயத்தில் பார்க்கலாம். புதிதாகப் பின்னப் போகிறவர்களுக்கும் விலைக்கு வாங்கப் போகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான். குரோஷாவுக்கு ஒரு வேலை கொடுங்கள். எண்ணெய்க் கறையைத் தாங்கட்டும், மோரில் ஈ விழாமல் மூடட்டும், வெயிலை வடிகட்டட்டும், முந்தானை பிரியாமல் பிடிக்கட்டும். வேலை இருக்கும் இடத்தில் அது அடிக்கடி துவைக்கப்படும், அதனால் எப்போதும் பளிச்சென்று இருக்கும். வேலையே இல்லாத இடத்தில் விரித்த பின்னல் தூசியை வாங்கிக்கொண்டு மஞ்சளாகிப்போகும். ஆறு மாதத்தில் அதை எடுத்து ஒளித்துவைக்கத் தோன்றும்.

முதலில் நூலைக் கண்டுபிடியுங்கள்

கையில் இருப்பது பருத்தியா, அக்ரிலிக்கா, கம்பளியா என்று தெரியாமல் எதையும் தீர்மானிக்க முடியாது. பேச்சில் எல்லாவற்றையும் "உல்லன்" என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் உள்ளூர்க் கடைகளில் உல்லன் நூல் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது அக்ரிலிக். பின்னலின் பின்பக்கம் தொங்கும் நுனியில் அரை அங்குலம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளியில் முடி கருகும் வாசனை வரும், நெருப்பை எடுத்ததும் தானாக அணையும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கறுத்த கெட்டி மணியாக நிற்கும்.

அக்ரிலிக் சாயம் போகாது, சீக்கிரம் காயும், விலை குறைவு. ஆனால் வியர்வையை உறிஞ்சாது, சூடு பட்டால் உருகும். ஆகவே நம் ஊர் வெயிலில் உடம்பை ஒட்டி அணிவதற்கும் அடுப்படிக்கும் அது ஆகாது. குக்கர் மூடியைத் திறக்கும் பிடிதுணி, சூடான பாத்திரத்துக்கு அடியில் வைக்கும் வட்டம் இரண்டும் பருத்தியில்தான் இருக்க வேண்டும், அதுவும் இரட்டை அடுக்காக. பண்டிகைக்குப் பரிசாக வரும் வண்ண வண்ண வட்டங்களில் பலவும் அக்ரிலிக்தான். அவற்றைச் சாப்பாட்டு மேசையில் குளிர்ந்த தம்ளருக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.

கம்பளியை ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் எடுத்து வையுங்கள். சமவெளியில் மார்கழி விடியலில் தோளில் போட ஒரு சால்வை போதும்.

உடுத்துவது

உடையில் குரோஷாவைக் கொண்டுவர விரும்புகிறவர்கள் நேராக முழு டாப்ஸில் போய் இறங்குகிறார்கள். நான் ஓரத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். பருத்திப் பின்னல் கனமானது. ஒரு சாதாரண டாப்ஸுக்கே கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை நூல் போகும். வியர்வையை வாங்கியதும் இன்னும் கனத்து, நீளத்தில் இழுத்துக்கொள்ளும். ஓரத்தில் அந்தத் தொல்லை இல்லை. துணி பாரத்தைத் தாங்கும், பின்னல் தன் வேலையைக் காட்டும்.

தமிழ்நாட்டுப் பெண்களுக்கு இதில் மிக நல்ல வாசல் சேலைக் குஞ்சம். ஃபால்ஸ், பீக்கோ அடிக்கும் கடைகளில் பல இப்போது குஞ்சமும் போட்டுத் தருகின்றன. வெறும் முடிச்சுக் குஞ்சத்தில் முந்தானை நூல்களைச் சேர்த்து முடிச்சிடுவார்கள். குரோஷாக் குஞ்சத்தில் முந்தானை ஓரத்தை மடித்துத் தைத்தபின், மெல்லிய ஊசியால் ஓரம் முழுக்க ஒரு சங்கிலி வரிசை போட்டு, அதிலிருந்து வளைவுகளும் மணிகளும் குஞ்சங்களும் தொங்கவிடுவார்கள். ஓரம் பிரியாது, முந்தானைக்குக் கொஞ்சம் கனமும் வந்து ஒழுங்காக விழும்.

எல்லோரும் இதைக் கல்யாணப் பட்டுக்குத்தான் போடுகிறார்கள். தினமும் கட்டும் பருத்திச் சேலைக்குப் போட்டுப் பாருங்கள் என்பேன். மதுரைச் சுங்குடிக்கும் கோவைப் பருத்திக்கும் அதே நிறப் பருத்தி நூலில், மணி இல்லாமல், ஒரு விரற்கடை அகலத்தில் ஒரு வரிசை வளைவு போதும். சேலையோடு சேர்த்தே துவைக்கலாம். பட்டு நூல் என்ற பெயரில் கடையில் விற்கும் பளபளப்பு நூலைப் பருத்திச் சேலையில் போடுவதாக இருந்தால், முதலில் நனைத்த வெள்ளைத் துணியில் நூலை அழுத்தித் தேயுங்கள். சிவப்பும் மெரூனும் சாயம் விட்டு முந்தானையையே கெடுத்துவிடும். ஆர்கன்சா, ஷிஃபான் போன்ற மெல்லிய சேலைகளில் கண்ணாடி மணியும் உலோக மணியும் வேண்டாம். துணி பாரம் தாங்காமல் தையல் ஓரத்தில் கிழியும்.

அடுத்தது ரவிக்கைக் கை. முழங்கைக்கு மேல் நிற்கும் சாதா ரவிக்கையின் கை விளிம்பில் ஓர் அங்குலப் பின்னல் ஓரம் தைத்தால், பழைய ரவிக்கை புதிதாகிவிடும். ஓரத்தைத் தனியாகப் பின்னி, நனைத்துக் காயவைத்து, அது சுருங்கி முடித்தபின் தையுங்கள். புதுப் பருத்தி நூல் முதல் துவையலில் சுருங்கும். அப்படியே தைத்தால் கை விளிம்பு சுருக்கம் சுருக்கமாக நிற்கும். குர்த்தியின் கழுத்து, பாவாடையின் கீழ் விளிம்பு, துப்பட்டாவின் இரு முனைகள் எல்லாவற்றுக்கும் இதே விதி.

முழு உடை வேண்டும் என்றால் முன்பக்கம் திறந்த ஷ்ரக் நல்ல தேர்வு. அளவு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் தெரியாது, உள்ளே போட்ட பருத்திக் குர்த்தி வியர்வையை வாங்கிக்கொள்ளும். நூலை மெல்லியதாக எடுங்கள். தடித்த நூலில் பின்னிய ஷ்ரக் போர்வையாகத்தான் உட்காரும். டாப்ஸ் வேண்டுமானால் உடம்பு நிறத்தில் ஒரு ஸ்லிப்போ, தோள்பட்டையில் மட்டும் தைத்துத் தொங்கவிட்ட மெல்லிய லைனிங்கோ தேவைப்படும். லைனிங்கைப் பக்கங்களில் சேர்த்துத் தைக்காதீர்கள். பின்னல் இழுபடும், லைனிங் இழுபடாது. ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும்.

உடம்பில் பின்னல் ஒரே இடத்தில் இருக்கட்டும். குரோஷா ஷ்ரக், குரோஷாப் பை, குரோஷாக் கம்மல் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் எதுவும் கண்ணுக்குப் புலப்படாது. கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலையோடு பல வண்ணச் சதுரங்கள் சேர்த்த பையை எடுத்தால் இரண்டும் ஒன்றை ஒன்று அடிக்கும். நெருக்கமான கோலமுள்ள துணிக்குப் பக்கத்தில் ஒரே நிறப் பின்னலும், ஒரே நிறத் துணிக்குப் பக்கத்தில் வண்ணப் பின்னலும் நன்றாக எடுபடும். சந்தன நிற நூல் ஏறக்குறைய எதோடும் சேரும்.

நகைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல் வளையல், கூர்முனை மோதிரம், மெட்டி, கொலுசு, ஊக்கு எல்லாமே பின்னலின் கண்ணியில் மாட்டும். ஷ்ரக்கை முதலில் போட்டுக்கொண்டு வளையலைப் பிறகு போடுங்கள், கழற்றும்போது வளையல் முதலில் வரட்டும். சேலைத் தலைப்பில் குஞ்சம் இருந்தால் ஊக்கைப் பின்னலில் குத்தாமல் துணியில் குத்துங்கள். இருசக்கர வண்டியில் பின்னால் உட்காரும்போது குஞ்சத்தையும் ஷ்ரக்கின் முனைகளையும் மடியில் அடக்கிக்கொள்வது உயிர்ப் பாதுகாப்பு. சக்கரத்தில் மாட்டினால் ஆளையே இழுத்துவிடும்.

தோள்பைகளில் இரண்டே குறைகள்: வாய் விரியும், கைப்பிடி நீளும். உள்ளே காடாத் துணியில் லைனிங் தைத்து, கைப்பிடிக்குள் பருத்தி நாடா ஒன்றை நுழைத்துத் தைத்துவிட்டால் காய்கறி வாங்கக்கூட எடுத்துப் போகலாம். லைனிங் இல்லாத வலைப் பை வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் போதும். காற்றோட்டம் இருப்பதால் அடுப்படியில் அப்படியே மாட்டியும் வைக்கலாம்.

குரோஷா உடை எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் தொழுகைக்கு அணியும் வெள்ளைப் பின்னல் குல்லாவைக் காட்டுவேன். பருத்தி நூல், தலைக்குக் காற்று, சட்டைப் பையில் மடித்து வைக்கும் வசதி, வாராவாரம் துவைக்கலாம். அதில் அலங்காரம் இருக்கிறது, ஆனால் அலங்காரத்துக்காக எதுவும் விட்டுக்கொடுக்கப்படவில்லை.

குழந்தைகளுக்குப் பின்னும்போது மெல்லிய பருத்தி, நெருக்கமான கண்ணி. பெரிய துளையுள்ள காலுறையில் கைக்குழந்தையின் விரல் மாட்டிக்கொள்ளும். தொப்பியில் மணி, பொத்தான் வேண்டாம். பொம்மைக்குக் கண்ணை நூலாலேயே தைத்துவிடுங்கள்.

வீட்டில் எங்கே?

19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆண்கள் தலைக்கு மக்காசர் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கறையிலிருந்து நாற்காலியைக் காக்க முதுகுச் சாய்வில் குரோஷா விரிப்பு போடும் வழக்கம் வந்தது. தேங்காய் எண்ணெய் வைக்கும் நம் வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் உண்டா? சோபாவில் தலை சாயும் இடம்தான் முதலில் கறுக்கும். அங்கே 18 அங்குல அகலமும் 14 அங்குல நீளமுமாக ஒரு பருத்திப் பின்னல் போடுங்கள். ஆளுக்கு ஒன்று, மாற்று ஒரு ஜோடி. நழுவாமலிருக்கப் பின்பக்கம் நாடா வைத்து முடிச்சிடலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அகலத் துளை வைத்த அலங்கார விரிப்பு எண்ணெயைத் தடுக்காது, துளை வழியே சோபாவுக்குள் போய்விடும். நெருக்கமாகப் பின்னிய நடுப்பகுதியும் அழகான ஓரமும் கொண்டதைத் தேர்ந்தெடுங்கள். அல்லது பழைய வேட்டித் துணியை நடுவில் வைத்து, சுற்றிலும் குரோஷா ஓரம் கட்டுங்கள். நூலும் மிச்சம், நேரமும் மிச்சம், உறிஞ்சும் வேலையும் நடக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது மணி கோத்த வட்ட மூடி. கைக்குட்டையை விடச் சின்னதாக வலைபோலப் பின்னி, விளிம்பில் கண்ணாடி மணி கோத்தால், மணியின் பாரத்தில் அது பாத்திரத்தின் வாயில் சரியாகப் படிந்து நிற்கும். மோர்ச் சொம்பு, பானகப் பாத்திரம், வெட்டி வைத்த மாம்பழக் கிண்ணம் எதையும் மூடலாம். ஈ உள்ளே வராது, காற்று போகும். எறும்பை மட்டும் இது தடுக்காது. அதற்குத் தண்ணீர்த் தட்டுதான்.

ஜன்னலில் பின்னலை முழுத் திரையாகத் தொங்கவிட்டால் நாளடைவில் தன் பாரத்திலேயே நீண்டு தரையைத் தொடும். கீழ்ப்பாதிக்கு மட்டும் ஒரு பின்னல் திரை போடுங்கள். தெருவில் போகிறவர் கண்ணுக்கு உள்ளே தெரியாது, மேல்பாதி வழியாக வெளிச்சம் வரும். பிற்பகல் வெயில் விழும் மேற்கு ஜன்னலில் அதன் நிழல் தரையில் விழுவது கண்ணுக்கு விருந்து. நேர்வெயில் நூலை நையவைக்கும், நிறத்தை வெளுக்கவைக்கும். அதனால் மேற்கு ஜன்னலுக்கு வெள்ளை அல்லது சந்தன நிறம் மட்டும்.

வாசல் தோரணம் ஏற்கெனவே பல வீடுகளில் தொங்குகிறது. ஆரஞ்சு உருண்டைகளும் பச்சை இலைகளும் உல்லனில் பின்னியது. நல்ல பொருள்தான், ஆனால் வருடம் முழுக்க ஒன்றே தொங்கினால் தூசி படிந்து கறுத்துவிடும். இரண்டு செட் வைத்துக்கொண்டு மாற்றிப் போடுங்கள், கழற்றியதைச் சோப்பு நீரில் அலசுங்கள். மாவிலை கட்டும் நாளில் இதைக் கழற்றி வைத்துவிடுவது என் விருப்பம்.

வேண்டாத இடங்களும் உண்டு. டிவி, செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர் இவற்றின் காற்றுத் துளைகளை எந்தப் பின்னலும் மூடக்கூடாது. விளக்கு மாடத்துக்கும் குத்துவிளக்குக்கும் பக்கத்தில் கூடாது. பருத்தி பற்றிக்கொள்ளும், அக்ரிலிக் உருகிச் சொட்டும். விளக்குக் கூண்டாகப் பின்னினால் உள்ளே எல்இடி பல்பு மட்டும். தரையில் விரிக்கும் பாயாகவும் பரிந்துரைக்கமாட்டேன். மெட்டி மாட்டும், வயதானவர் கால் தடுக்கும். குளியலறை வாசலில் கட்டாயம் வேண்டும் என்றால் பழைய டி-ஷர்ட்டைப் பட்டையாக வெட்டி, பெரிய ஊசியில் நெருக்கமாகப் பின்னி, அடியில் வழுக்காத ரப்பர் வலையை வைத்துத் தையுங்கள்.

கொலு வைக்கும் வீடுகளில் படி விரிப்பின் முன் விளிம்புக்குக் குரோஷா ஓரம் அருமையாகப் பொருந்தும். படியின் அகலத்துக்கு ஒரே நீளப் பட்டையாகப் பின்னி, விரிப்பில் ஓட்டுத் தையலில் பிடித்து வையுங்கள். நவராத்திரி முடிந்ததும் பிரித்து எடுத்தால் அடுத்த வருடம் வேறு நிற விரிப்புக்கும் போடலாம்.

நைந்துபோன பழைய விரிப்பை என்ன செய்வது? நன்றாக இருக்கும் நடுப்பூவை மட்டும், கரும்பச்சை அல்லது கருநீலத் துணியின் மேல் மெல்லிய தையலில் பிடித்து, சட்டம் போட்டு மாட்டிவிடுங்கள். பசை தடவ வேண்டாம், காலப்போக்கில் மஞ்சளாகும். பின்னியவர் பெயரையும் ஊரையும் சட்டத்தின் பின்பக்கம் எழுதிவையுங்கள். பேரன் பேத்திகளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

விலைக்கு வாங்கும்போது

குரோஷாவைத் தொழிற்சாலை அளவில் பின்னும் இயந்திரம் இன்றுவரை புழக்கத்தில் இல்லை. கடையில் குரோஷா லேஸ் என்று மீட்டர் கணக்கில் விற்பது பெரும்பாலும் இயந்திரத்தில் செய்த போலி. திருப்பிப் பாருங்கள். கைப்பின்னலில் ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததன் தலையில் கொக்கி போட்டு உட்கார்ந்திருக்கும், தொடங்கிய முடிச்சும் முடித்த நுனியும் எங்கோ தெரியும், பூவுக்குப் பூ மயிரிழை வித்தியாசம் இருக்கும். போலியில் நெடுக ஓடும் நூல்கள் தெரியும், எல்லாப் பூவும் அச்சு. போலியை வாங்குவது குற்றமல்ல, பாவாடை ஓரத்துக்கு அதுவே போதும். கைப்பின்னல் விலை கொடுத்துப் போலியை வாங்கிவிடக்கூடாது, அவ்வளவுதான்.

நாகர்கோவில் லேஸையும் குரோஷாவோடு குழப்பிக்கொள்வார்கள். 1820-களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி அங்கே கற்றுக்கொடுத்தது திண்டின் மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்யும் பின்னல். கொக்கி ஊசிக்கு அதில் இடமில்லை. மிக மெல்லியது, மிக மென்மையானது, பலிபீட விரிப்புக்கும் கைக்குட்டைக்கும் ஏற்றது. அன்றாடப் புழக்கத்தின் அடி உதையைத் தாங்க குரோஷாதான் மேல்.

குரோஷாவுக்குப் பெயர்போன ஊர் ஆந்திரத்தின் நர்சாபூர். அந்த லேஸுக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே வீட்டில் உட்கார்ந்து பின்னும் பெண்களின் உழைப்பு "ஓய்வு நேர வேலை" என்று கணக்கிடப்பட்டு, கூலி அடிமட்டத்தில் வைக்கப்பட்டதை ஆய்வாளர் மரியா மீஸ் 1982-ல் வெளியான தன் ஆய்வு நூலில் விரிவாக எழுதினார். நம் தெருவில் பின்னித் தரும் அக்காவுக்கும் இதே நிலைதான். "சும்மா டிவி பார்த்துக்கிட்டே பின்றதுதானே" என்று பேரம் பேசாதீர்கள். நூல் விலையைத் தனியாகக் கொடுங்கள், எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டு, அதற்குக் கூலி பேசுங்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் விலையைக் குறைக்கக் கேட்பதை விடப் பொருளைச் சின்னதாக்குங்கள். முழு மேசை விரிப்புக்குப் பதில் நடுவில் ஓடும் ஒரு பட்டை போதுமே.

துவைப்பதும் வைப்பதும்

வாஷிங் மெஷினில் போடுவதானால் வலைப் பைக்குள், மென்மையான சுற்றில். கையால் என்றால் சோப்பு நீரில் ஊறவைத்து அமுக்கி அமுக்கி அலசுங்கள். கல்லில் அடிக்கவும் வேண்டாம், முறுக்கிப் பிழியவும் வேண்டாம். துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் தண்ணீர் போய்விடும். கொடியில் தொங்கவிடாமல், கட்டிலிலோ பாயிலோ துண்டு விரித்து, கையால் வடிவத்துக்கு இழுத்துவிட்டு நிழலில் படுக்கையாகக் காயவிடுங்கள். விரிப்புகளுக்கு ஒவ்வொரு முனையிலும் துருப்பிடிக்காத குண்டூசி குத்திக் காயவைத்தால் இஸ்திரியே தேவையில்லை. மஞ்சள் கறை பட்டால் பதற வேண்டாம். சோப்பு பட்டதும் சிவக்கும், துவைத்து ஈரத்தோடு நேர்வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும். நிழல் விதிக்கு அது ஒன்றே விலக்கு.

விறைப்பாக நிற்க வேண்டிய வட்டங்களுக்கு வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டி, தண்ணீர் விட்டு இளக்கி, முக்கி எடுங்கள். ஆனால் எடுத்து வைக்கப் போகும் பொருளுக்குக் கஞ்சி போடவே கூடாது. கரப்பானும் இராமபாணப் பூச்சியும் அதைத் தேடி வரும். கஞ்சி போக அலசி, நன்றாக உலர்த்தி, பழைய வேட்டித் துணியில் சுருட்டி வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரம் கோத்துக்கொண்டு பூஞ்சை பிடிக்கும். மடித்த மடிப்பிலேயே வருடக்கணக்காக இருந்தால் நூல் அங்கேதான் அறும். போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மடிப்பை மாற்றி வைப்பது நல்ல பழக்கம். குரோஷா உடை எதையும் ஹேங்கரில் மாட்டாதீர்கள். தோள்பட்டை கொம்பு முளைத்ததுபோல் நிற்கும், அது திரும்பாது.

நகை மாட்டிக் கண்ணி வெளியே இழுபட்டால் வெட்டிவிடாதீர்கள். முனை மழுங்கிய ஊசியால் பக்கத்துக் கண்ணிகளுக்குள் அந்த நூலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டு விடுங்கள், மறைந்துவிடும். நூல் அறுந்தே போயிருந்தால் இரண்டு முனைகளையும் அதே நூலால் இணைத்து, கண்ணியின் வழியே கோத்துக் கட்ட வேண்டும். அதற்கு அதே நூல் வேண்டும். ஆங்கர் போன்ற பிராண்ட் நூலில் ஒரே எண் கொண்ட நிறமாக இருந்தாலும், வேறு வேறு சமயத்தில் சாயமேற்றிய கண்டுகளுக்குள் சாயல் மாறும். ஆகவே பின்னும்போதும், பின்னித் தரச் சொல்லும்போதும், ஒரு கண்டு கூடுதலாக வாங்குங்கள். மீதி நூலைக் கேட்டு வாங்கி, ஒரு சின்னத் துணிப் பையில் போட்டு, அந்தப் பொருளோடு சேர்த்துத் துவைத்து, சேர்த்தே உலர்த்தி, லேபிளோடு வையுங்கள். ஐந்து வருடம் கழித்துப் பழுது பார்க்கும்போது, நூலும் பொருளும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வெளுத்திருக்கும்.